மாமனாரை ஏற்றி வந்த புகைவண்டி

அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கல்யாண வீட்டில் வாயைத் திறந்தால் சாம்பாரில் உப்புக் கூடும். சாவு வீட்டில் திறந்தால் என்ன ஆகும் என்பதை என்னைக் கேளுங்கள்.

என் அப்பா திருச்செங்கோட்டில் பஸ் விட்டவர். அதை வைத்தே, மோட்டார் சமாசாரம் எனக்கு அத்துப்படி என்று புகுந்த வீட்டில் பேர் வாங்கியிருந்தேன். (நிற்கிற பஸ்ஸில் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பியதுதான் என் மொத்தப் படிப்பு.)

யுத்தத்துக்கு முந்தின ஒரு சித்திரையில், சேலம் ஆஸ்பத்திரியில் என் மாமனார் காலமானார். நாமக்கல் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு அவருடைய காரிலேயே அவரைக் கொண்டுபோனோம். பின் சீட்டில் மாமியார் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் ஊதுபத்தி புகைந்தது. ஓட்டியவர் என் கணவர். முன் சீட்டில், அவருக்கு வழி சொல்லும் மேதையாக நான்.

மல்லூர் தாண்டியதும் வண்டி இருமியது, நொண்டியது.

"ஏனுங்க, பெட்ரோல் பத்தலீங்க. சோக்கை இழுங்க, கூட வரும்."

பல நாள் தூங்காத மனிதர், நம்பி இழுத்தார். கரும்புகை கிளம்பி, பின்காற்றில் காருக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

"இன்னும் இழுங்க."

"கண்ணே தெரியல புள்ள!"

"என்ற ஊட்டுக்காரரு செத்தும் நிம்மதியாப் போக முடியலியே சாமி!" என்று பின்னாலிருந்து மாமியார் இருமிக்கொண்டே அழுதார்.

ராசிபுரத்துக்கு முன்னால் ஒரு பொட்டல் காட்டில் வண்டி நின்றுவிட்டது. நெருப்பு வெயில். பொழுது சாய்வதற்குள் தகனம் ஆக வேண்டும். உடலும் அதற்கு மேல் தாங்காது. கணவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பன ஊடு கொண்டுபோயிச் சேர்க்கக்கூட எனக்கு வக்கில்ல" என்று அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். என் அத்துப்படி எல்லாம் அந்த இடத்திலேயே ஆவியாகிவிட்டது.

வேறு வழியின்றி பானட்டைத் திறந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, ஊதுபத்தி!" என்று அலறி, ஓடிப்போய்ப் பிடுங்கித் தூர எறிந்து மண்ணைப் போட்டேன். கொஞ்சம் தாமதித்திருந்தால், தகனத்தை ரோட்டிலேயே முடித்திருப்போம், எங்களையும் சேர்த்து.

கணவர் எழுந்து வந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றினார். மை அப்பியது போல் கரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரியை அதிகம் ஏற்றிவிட்ட விளக்குதானே இப்படிக் கரி கக்கும்? வண்டிக்குப் பெட்ரோல் பற்றாமல் இல்லை, கூடிப்போய்த் திணறியிருக்கிறது. நானோ இன்னும் ஊட்டச் சொல்லியிருக்கிறேன்!

கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தோம். உள்ளே ஒரு பித்தளை மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் அது எழும்பி, வரும் வழியை அடைக்க வேண்டும். எடுத்துக் குலுக்கினால் அதன் வயிற்றுக்குள்ளேயே பெட்ரோல் சலசலத்தது. எங்கோ ஊசித்துளை. மிதக்க வேண்டியது மூழ்கிக் கிடந்திருக்கிறது. என் வளையலில் கிடந்த ஊக்கால் துளையைப் பெரிதாக்கி, வடித்தோம். அடைக்க ஒன்றும் இல்லை. மாமியார்தான் ஆஸ்பத்திரி மூட்டையை அவிழ்த்து, மாமனாரின் துணி துவைத்த சோப்பை நீட்டினார்.

"இத வெச்சு அப்பிப் பாரு சாமி."

பெட்ரோல் சோப்பைக் கரைக்கவில்லை. பிளக்குகளைத் துடைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, கணவர் வண்டிக்கு முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வண்டி சீராக ஓடியது.

பொழுது இறங்கும் நேரத்தில் வீடு சேர்ந்தோம். மாமனார் உட்பட எல்லோர் முகத்திலும் கரி. "அய்யோ, அத்தன பேரும் தீயில வெந்துட்டாங்களே!" என்று வாசலில் பெண்கள் அலறினார்கள். பங்காளி ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்து, "இதுல செத்தது ஆருங்க?" என்று கேட்டார். மாமனாரை இரண்டு தரம் குளிப்பாட்ட வேண்டியதாயிற்று.

பல வருஷம் கழித்து மாமியார் படுக்கையில் விழுந்தபோது என்னைக் கூப்பிட்டார். ஆசீர்வாதம் என்று நினைத்துக் குனிந்தேன்.

"எனக்கு முடியலீனாலும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிராத சாமி. திரும்பி வாரப்ப முன் சீட்டுல நீயி உக்காந்துக்குவ."

அவர் வீட்டிலேயே, தூக்கத்தில் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கணவர் சொன்னார்:

"அம்மா தப்பிச்சுக்கிட்டாங்க."

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், டாக்டரைத் தேடுவதற்கு முன், முன் சீட்டில் யார் என்றுதான் கேட்கிறார்கள்.