பெருமளவு ஏற்கிறேன்

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தால், கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் போடுகிற ஓர் இனம் உலகில் உண்டு. பார்த்திருப்பீர்கள். பேனா மூடியைக் கழற்றுவார், மறுபடி மூடுவார், கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார், “எல்லாம் சரிதான், ஆனா...” என்பார். அந்த ‘ஆனா’ ஆரம்பித்தால் அடுத்த வேளைச் சாப்பாடு வரை நிற்காது. தண்ணீர் கேன் போடுகிறவர் நீட்டும் ரசீதில்கூட ஒரு வார்த்தை சேர்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார். இவரை ஆராய நான் எங்கும் அலையவில்லை. முகம் கழுவும் இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள்.

எதிரில் ஆள் இருந்தால் இந்த நோய் கொஞ்சம் அடங்கியிருக்கும். வக்கீல் கடிகாரத்தைப் பார்ப்பார், பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமுவார், வெட்கத்திலாவது கையெழுத்து விழுந்துவிடும். ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு, ஆளுக்கு ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் எங்களுக்குப் பொற்காலம். சாத்திய கதவு, தடுக்க ஆளில்லாத அறை, கையில் பேனா. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். அந்தக் குரங்குக்குச் சட்டமும் தெரியும் என்ற நினைப்பு இருந்தால் கேட்க வேண்டுமா?

என் அக்கா தையல் வேலை செய்கிறவள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு கடை காலியானது. பள்ளி திறப்பதற்குள் அதைப் பிடித்துவிட்டால், சீருடை தைக்க வருகிற கூட்டமெல்லாம் அவளுக்கு. கடைச் சொந்தக்காரர் ஓர் ஊரில், அக்கா ஓர் ஊரில், ஜாமீன் நிற்கிற நான் இன்னோர் ஊரில். வக்கீல் போனில் விளக்கினார்.

“மூணு பிரதியும் ஒண்ணுபோல இருக்கும் சார். அவங்கவங்க பிரதியில கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்க. மூணும் சேர்ந்தா ஒரே ஒப்பந்தம். உங்க வேலை கடைசிப் பக்கத்துல மட்டும்தான்.”

கடைசிப் பக்கம் மட்டுமா? என்னை யாரென்று நினைத்தார் அவர்?

முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். ‘ஒரு மாத முன்னறிவிப்பு’ என்றிருந்ததை இரண்டு மாதமாக்கினேன். ஷட்டர் பழுதானால் சொந்தக்காரர் சரிசெய்வார் என்ற இடத்தில் ‘உடனே’ என்று செருகினேன். வாசலில் பலகை வைக்கலாம் என்பதற்கு முன்னால் ‘பெரிய’ சேர்த்தேன். எல்லாம் அக்காவின் நன்மைக்கு. சிவப்பு மை வாத்தியார்த்தனமாகத் தெரியும் என்று நீல மையில்தான் எழுதினேன், அவ்வளவு பெருந்தன்மை. கூரியரில் சேர்த்துவிட்டு, அக்காவைக் காப்பாற்றிய களைப்பில் ஒரு டீ குடித்தேன்.

வக்கீல் கூப்பிட்டார். “சார், அவங்க ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க வேற ஒண்ணுல போட்டிருக்கீங்க.”

“நல்லதுக்குத்தானே மாத்தினேன்?”

“நல்லதா கெட்டதாங்கறது இல்ல சார். ஒண்ணா இருக்கணும்.”

மறுபடி ஒரு பிரதி வந்தது, எதையும் எழுத வேண்டாம் என்ற துண்டுச் சீட்டோடு. அக்காவும் பேசினாள். “நீ ஒண்ணும் பார்க்க வேணாம்டா. கையெழுத்தை மட்டும் போடு.”

சொன்னபடி செய்தேன். ஒரு வார்த்தையைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, மிகப் பொடி எழுத்தில், யார் மனமும் புண்படாதபடி, ‘மேலே கண்டவற்றைப் பெருமளவு ஏற்கிறேன்’ என்று மட்டும் எழுதினேன். மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

“பெருமளவுன்னா, எதை சார் ஏத்துக்கலை?” என்று கேட்டார் வக்கீல். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

மூன்றாவது பிரதி எனக்கு வந்து சேர்வதற்குள், செல்போன் கடை வைக்கிற ஒருவர் சொந்தக்காரரின் வீட்டுக்கே போய், நின்றபடியே, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“கடை போச்சுடா,” என்றாள் அக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பள்ளித் திறப்புக்கு அவள் வீட்டுக்குள்ளேயே தைத்தாள். நாற்காலியெல்லாம் துணி மூட்டை, அத்தான் சமையலறையில் நின்றபடியே பேப்பர் படித்தார். வந்த துணியும் வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேருடையதுதான். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பிறகு பின் தெருவில் ஒரு கடை கிடைத்தது. இந்த முறை ஜாமீன் பக்கத்து வீட்டு நர்ஸ்.

“எனக்கும் ஒரு பிரதி அனுப்பேன்க்கா.”

“எல்லாரும் போட்டு முடிச்சப்புறம் அனுப்பறேன்.”

அனுப்பினாள். படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடை நன்றாக நடக்கிறது, உதவிக்கு ஆள் வைத்திருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது, ‘இந்த இடத்தை இப்படி எழுதியிருக்கலாமே’ என்று எங்கேயோ உங்களுக்குத் தோன்றியதே, எங்கே? எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களை நம்பி எந்த அக்கா கடை தேடிக்கொண்டிருக்கிறாளோ, அவளிடம் சொல்லுங்கள், ஜாமீனுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும் என்று.