எட்டு மணி நேரச் சோதனை

ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிறவனுக்கு வீட்டில் ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. அவன் மெத்தைக் கடை விற்பனையாளன். மனைவி, பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல் செட் செய்கிறவள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைவேலை. மெத்தைக் கடை முதலாளியம்மாவின் சிரிப்பும் அதில் சேர்த்தி. ஆனால் சொந்த மகளின் கடைவாய்ப் பல்லை வெளியே வரவழைக்க மட்டும் அவளாலும் முடியவில்லை.

மகளுக்குப் பதினாலு மாதம். வீட்டில் எலிக்குட்டி என்று பெயர். செருப்பு வார், சாவிக்கொத்து, அப்பாவின் முழங்கை, எது அகப்பட்டாலும் கடிப்பாள். வயிறும் சேர்ந்து கலகம் செய்தது.

"பல்லால வயிறு போகாதும்மா. கண்டதையும் வாயில போடுறா, அதான்" என்றார் டாக்டர். "கையைக் கழுவி விடுங்க. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கிட்டே இருங்க."

ஆக, மேலே ஒரு பிரச்சினை, கீழே ஒரு பிரச்சினை, நடுவில் தூங்காத அம்மா. அப்பா எங்கே என்கிறீர்களா? பக்கத்தில்தான். அழுகை கேட்டதும் மூச்சை இன்னும் ஆழமாக இழுத்துவிடுவான். ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டே தூங்குவதாக நடிப்பது எவ்வளவு களைப்பு, அதை யார் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவனுடைய மனக்குறை.

ஐந்தாம் நாள், வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டான்.

"தம்பி, மெத்தை விக்கிறவன் கொட்டாவி விட்டா, சமையல்காரன் பட்டினி கிடந்த மாதிரி" என்றாள் முதலாளியம்மா. "இன்னொண்ணு விட்டே, கிடங்குக்கு மூட்டை தூக்கப் போயிடுவே."

அன்றே சபதம் எடுத்தான்: உலகம் புரண்டாலும் இன்று எட்டு மணி நேரத் தூக்கம்.

மனைவியிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால், "எனக்கும்தான் வேணும்" என்பாள். இந்த ஒரு பதிலுக்குப் பயந்து ஆண்பிள்ளைகள் எத்தனை பெரிய திட்டமெல்லாம் தீட்டுகிறார்கள்!

அந்தக் கடையில் மெத்தையை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். தன் பெயரையே எழுதி ஒன்றை எடுத்துவந்து ஓரத்து அறையில் விரித்தான். கடைப் பெயர் அச்சிட்ட தாளில் "வீட்டுச் சோதனைப் படிவம்" ஒன்றும் தயாரித்தான். ஓரிரு கேள்வி என்றால் நம்பமாட்டாள். விளம்பரத்தாளில் இருந்த வரிகளையெல்லாம் கேள்விகளாக்கிப் பதினான்கு போட்டான். கதவில் மாட்ட ஓர் அட்டையும் எழுதினான்: "சோதனை நடைபெறுகிறது. தட்டக் கூடாது."

"என்னங்க இது?"

"கடை வேலைம்மா. தனியா எட்டு மணி நேரம் படுத்துப் பார்த்து எழுதிக் கொடுக்கணும். எனக்கு மட்டும் ஆசையா?"

"தூங்குறதுக்குச் சம்பளமா!"

"தூக்கம் இல்லம்மா. சோதனை."

"எனக்கும் அஞ்சு நாளா சோதனைதான்."

அவள் கட்டைவிரலில் கட்டு இருந்தது. தூக்கக் கலக்கத்தில், உருகிய மெழுகைப் பல் அச்சில் ஊற்றுவதற்குப் பதில் விரலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதை அவன் கவனிக்கவில்லை. அவளோ படிவத்தைக் கவனித்துப் படித்தாள். பல்லில் மயிரிழை பிசகினாலும் பிடித்துவிடுகிற கண் அது.

"ஒன்பதாம் கேள்வியைப் பார்த்தீங்களா? 'குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு உகந்ததா?'"

"அது... 'ஆம்'னு போட்டுடலாம்."

"கடை வேலையில பொய்யா? பதினொண்ணு, 'ஈரம் தாங்குமா?' பன்னிரண்டு, 'பக்கத்தில் படுப்பவர் புரண்டால் அதிர்கிறதா?' பக்கத்துல ஆளே இல்லாம இதுக்கு எப்படிங்க பதில் எழுதுவீங்க?"

"தனியாத்தான் படுக்கணும்னு..."

"எங்க போட்டிருக்கு? பதினாலு கேள்வியில அது ஒண்ணுதான் இல்ல!"

எலிக்குட்டியை மெத்தை நடுவே இறக்கினாள். கரைசல், ஸ்பூன், மாற்றுத் துணி, வாளி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பதினொன்றாம் கேள்விக்கு விடை பத்தரைக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்கும் வந்தது. இரண்டு மணிக்கும் வந்தது. புரண்டவள் எலிக்குட்டி, அதிர்ந்தவன் அவன். ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினான். தாலாட்டுத் தெரியாததால், மெத்தைக்குள் எத்தனை சுருள்கம்பி, எத்தனை வருஷ உத்தரவாதம் என்று விற்பனைப் பேச்சையே ராகம் போட்டுப் பாடினான். எலிக்குட்டி கேட்டுவிட்டு அவன் மூக்கைக் கடித்தாள்.

காலையில் படிவத்தைக் காணோம். மத்தியானம் அது முதலாளியம்மா கையில் இருந்தது.

"பல் செட் ஈறுல உரசுதுன்னு காட்டப் போனேன். உன் வீட்டுக்காரி இதைக் கொடுத்தா. நான் சொல்லாத சோதனை எதுப்பா இது?"



"அம்மா, அது வந்து..."

"பதினாலுக்கும் பதில் எழுதியிருக்கா. நாம பத்து வருஷமா ஈரம் தாங்கும், ஈரம் தாங்கும்னு வாயால அளந்துட்டிருக்கோம். நிஜமாவே தாங்குதுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்!" அவன் மனைவி செய்து கொடுத்த அத்தனை பல்லும் தெரிய முதலாளியம்மா சிரித்தாள். "இன்னும் மூணு ரகம் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போ. குழந்தையோடதான் படுக்கணும். கொட்டாவி வந்தா தாராளமா விடு, காரணத்தை வாடிக்கையாளர்கிட்ட சொல்லு. கடைக்கு நல்ல விளம்பரம்."

இரண்டாவது மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வீடு வந்தான். இனி உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்திருந்தான். அவள் பேசவிடவில்லை. மெத்தையின் மறுமுனையைப் பிடித்து விரித்தாள். எலிக்குட்டியை அவன் இடுப்பில் ஏற்றினாள்.

"வயிறு நின்னுடுச்சுங்க. கடைவாய்ப் பல் ஒண்ணு எட்டிப் பார்க்குது. பாக்கி மூணு."

மெத்தையும் மூணு.

படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது. அதில் அவனுடைய அட்டை தொங்கியது. அவன் கதவில் விரலை மடக்கி மெல்லத் தட்டினான்.

"ஏம்மா, நிஜத்தைச் சொல்லிடறேன். எனக்கும் தூக்கம் வேணும்..."

உள்ளேயிருந்து, பாதித் தூக்கத்தில் குரல் வந்தது.

"அட்டையைப் படிக்கலையாங்க? கையெழுத்து உங்களோடதுதானே!"