யாரும் உட்காராத வலது இருக்கை

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித நாகரிகத்தின் உச்சம் என்பவர்கள் அவசரக்காரர்கள். கண்டுபிடித்த சக்கரத்தை உருட்டாமல் வைத்திருப்பதே உச்சம். அந்த உச்சத்தை ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எட்டி, இன்றுவரை கீழே இறங்காதவர் காஸ்தெல்வெத்ரோ மலைமேட்டு ஓரெஸ்தே.

அவரிடம் ஒரு பெல்வாந்தி கார் இருந்தது. சிவப்பு நிறம், ஆறு சிலிண்டர், இரண்டே இருக்கை; இத்தாலிய வழக்கப்படி இடது ஓட்டுபவருக்கு, வலது கூட வருபவருக்கு. நோர்மாவைக் கைப்பிடித்த அதே வாரத்தில் வாங்கியது. திருமணத்தன்று வானம் மூடியிருந்தது. குரோம் பட்டைக்கு ஈரம் ஆகாது. எனவே மணப்பெண் தன் மாமாவின் மூன்று சக்கரச் சாமான் வண்டியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே புகுந்த வீடு வந்தாள். மாப்பிள்ளை தேவாலயத்திலிருந்து முன்னதாகவே கிளம்பிவிட்டார். புது இடத்தில் கார் தனியாக இருக்கக் கூடாதல்லவா?

ஓடும் காரைக் காப்பாற்ற யாராலும் முடியும். ஓடாத காரைக் காப்பதுதான் வித்தை. ஒரே இடத்தில் நின்றால், எடை தாங்கும் பக்கம் டயர் தட்டையாகிவிடும்; அதனால் ஓரெஸ்தே காரைக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்தார். தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாய் உறைந்துவிடும்; அதை ஒரு சொட்டு விடாமல் வடித்தார். சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலம் மெல்ல வழிந்து இறங்கிவிட, பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்க மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைக்கு ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையாலேயே சுற்றுவார். கார் ஷெட்டின் ஈரத்தை உறிஞ்ச ஓர் எந்திரம் ஓயாமல் ஓடியது. படுக்கையறைச் சுவரில் பூஞ்சை படர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அங்கே தோல் இருக்கை எதுவும் இல்லையே!

பேருந்து நிறுத்தம் மலையடிவாரத்தில். இரண்டு கையிலும் சந்தைப் பையோடு மேடேறி வரும் நோர்மா, ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டுப் பார்த்தாள்.

"ஒரு சின்ன கார் வாங்கினா என்ன?"

"வீட்ல ஒரு கார் சும்மா நிக்கறப்ப இன்னொண்ணா? ஊதாரித்தனம்!" என்றார் ஓரெஸ்தே. சிக்கனம் என்றால் அதுதான்.

இப்போது அவருடைய முழங்கால் மடங்க மறுத்தது. குனிந்து எஞ்சினைச் சுற்ற முடியவில்லை. கனத்த இதயத்தோடு விற்க முடிவு செய்தார். மிலானோவிலிருந்து கவால்லினி என்ற வக்கீல் முன்வந்தார். கண்ணாடி மண்டபம் கட்டி வைத்திருக்கிறார். சாகும்வரை காரை ஓட்டமாட்டேன் என்று சத்தியமும் செய்தார். நல்ல இடம் அமைந்துவிட்டதென்று ஓரெஸ்தே நிம்மதியடைந்தார்.

நோர்மாவுக்கு நிம்மதி இல்லை.

"ஓரெஸ்தே, அது போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என்னை அதுல கடலுக்குக் கூட்டிட்டுப் போ. செசெனாத்திகோவுல கொஞ்சம் வறுத்த மீன் சாப்பிட்டுட்டுத் திரும்பிடலாம்."

"மீனா? அந்த வாடை தோல்ல ஏறினா என்ன ஆகறது!"

"சரி, மீன் வேணாம். கடலை மட்டும் பார்ப்போம்."

"கடல்ல உப்பு இருக்கு, நோர்மா."

"கடலும் வேணாம், போ. அந்த வலது சீட்ல ஒரு தடவை உட்காரணும். நம்ம தெருமுனை வரைக்கும் போதும்."

ஓரெஸ்தே நியாயவான். தன்னிச்சையாக மறுக்கவில்லை. "கழகம் என்ன சொல்லுதோ, அதுக்கு நான் கட்டுப்படறேன்" என்றார்.

அது 'அசல் நிலை' வாகனப் பேணுகைக் கழகம். அதன் கண்ணில் பழைய கார்கள் இரண்டே சாதி. ஒன்று 'பேணப்பட்டது'. மற்றது 'புதுப்பிக்கப்பட்டது', அதாவது, வெளியே சொல்லக் கூடாதது. பாகம் மாற்றியிருந்தால் வகுப்பு போயிற்று, வகுப்பு போனால் வக்கீலும் போவார். சனிக்கிழமை கழகத் தலைவர் லம்பெர்தோ வெள்ளைக் கையுறையும், பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்றுமாக வந்து இறங்கினார். கூடவே வக்கீலும்.

தலைவர் காரின் அடியில் ஊர்ந்தார். திருகாணிகளை நலம் விசாரித்தார். கடைசியில் வலது இருக்கையை முகர்ந்தவர் அப்படியே நெகிழ்ந்துபோனார்.

"தையல் தளரலை. பஞ்சு அமுங்கலை. வக்கீலய்யா, இங்க வந்து பாருங்க! கல்யாணமான மனுஷனோட கார், பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்ததுக்கான தடயமே இல்ல!"

வக்கீலின் கண் கலங்கியது. ஓரெஸ்தே தன்னடக்கத்தோடு தலை குனிந்தார்.

காப்பித் தட்டோடு வந்த நோர்மா கேட்டாள்: "தலைவரே, டிக்கியில இருக்கற குடை, ஸ்பேனர் பை எல்லாம்?"

"அதே வருஷம், அதே உரிமையாளர், அன்னையிலேர்ந்து பிரியாம கூடவே இருக்கு. விதிப்படி அதெல்லாம் 'அசல் துணைப்பொருள்', அம்மா. வண்டிக்குள்ள தாராளமா இருக்கலாம்."

"நானும் அதே வருஷம். அதே உரிமையாளர். பிரியவும் இல்ல. அப்ப நான் அந்தச் சீட்ல இருக்கலாம்தானே?"

கழக வரலாற்றில் எழுந்திராத கேள்வி. தலைவர் கையுறையைக் கழற்றினார். வக்கீல் தாடையைத் தடவி, "சட்டப்படி வாதம் பலமாத்தான் இருக்கு" என்றார்.

ஓரெஸ்தே இடையில் புகுந்தார். பஞ்சு அமுங்கினால் வகுப்பு கை நழுவிவிடும்!

"ஆட்சேபணை! இவ அசல் இல்ல, தலைவரே. மேல்வரிசைப் பல்லு மாத்தினது. தலைமுடி மறுபூச்சு."

"பழைய நிறமேதானா?" என்றார் தலைவர்.

"எங்க? கறுப்பா இருந்தது. இப்ப செம்பட்டை."

"உன் தலையில பூசறதுக்கே ஒண்ணும் மிச்சமில்ல, நீ என் நிறத்தைப் பேச வந்துட்டியா!" என்றாள் நோர்மா.

"இடது இடுப்பு ஸ்டீல்!" என்று முடித்தார் ஓரெஸ்தே.

தலைவர் கருணையோடு அவளைப் பார்த்தார். "அம்மா, கழட்டின பாகத்தைக் கூடவே வச்சிருந்தா விதியில கொஞ்சம் தளர்வு உண்டு. அந்த அசல் இடுப்பு பத்திரமா இருக்கா?"

"ஆஸ்பத்திரியில குப்பைல போட்டாங்க."

"அசல் பாகத்தையா!" தலைவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று தீர்ப்பளித்தார்: "இவங்க 'புதுப்பிக்கப்பட்ட' வகுப்பு. 'பேணப்பட்ட' வண்டியில வைக்க அனுமதி இல்ல."

பெல்வாந்தி முதல் வகுப்பில் தேறியது. இழுவைக் கயிறு கட்டி, எஞ்சினுக்கு எந்தத் தொந்தரவும் தராமல், மூடிய லாரிக்குள் ஏற்றினார்கள். வலது இருக்கைக்குப் பட்டுத் துணி போர்த்தினார்கள்.

விடைபெறும்போது தலைவர் லம்பெர்தோ நோர்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். "இப்படிப் பேணத் தெரிஞ்ச புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும், அம்மா. மீட்டரைப் பார்த்தீங்களா? முன்னூறு கிலோமீட்டர்கூட ஓடலை. இத்தனை வருஷத்துல தேய்மானமே இல்லாம எப்படி முடிஞ்சுது?"

"தேயாம எங்க போகும், தலைவரே?" என்றாள் நோர்மா, காலிக் கோப்பைகளை அடுக்கியபடி. "சந்தைக்கும் பிரசவத்துக்கும் இந்த மேட்டுல யாராவது ஏறி இறங்கித்தானே ஆகணும்? அது ஓடலை. நான் ஓடினேன்." ஸ்டீல் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "குப்பைல போட்டாங்கன்னு சொன்னேனே, அதுதான் இந்தக் காரோட அசல் மீட்டர்."