வோல்ட் அண்ணன் செய்த பிரேதப் பரிசோதனை

அபுதாபி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் வோல்ட் அண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. முசஃபா தொழிற்பேட்டையில் எங்கள் லேபர் கேம்ப்புக்கு அவர்தான் எலக்ட்ரீசியன். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கழுத்தில் எந்நேரமும் ஒரு மல்டிமீட்டர் தொங்கும். சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது என்று நாலு பேர் சேர்ந்து சொன்னாலும் நம்ப மாட்டார். செல்லைக் கழற்றி, சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் வைத்துப் பார்த்த பிறகுதான் "சரி, நின்னுட்டு" என்பார். பாஸ்போர்ட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அது எங்களில் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒருநாள் மெஸ்ஸில் ஒருவன், சாம்பாரில் உப்பே இல்லை என்று சத்தம் போட்டான். அண்ணன் எழுந்து போய், கிண்ணத்தில் ரெண்டு ஒயரையும் முக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தார். "உப்பெல்லாம் கரெக்டா இருக்கு. ஒன் நாக்கத்தான் மாத்தணும்" என்றார். அன்றிலிருந்து சமையல்காரர் அவருக்கு மட்டும் ரெண்டு அப்பளம் கூடுதலாக வைக்க ஆரம்பித்தார். இன்னொரு முறை, காய்ச்சல் என்று படுத்திருந்தவனை எழுப்பி, ஒயர் ரெண்டையும் கையில் பிடிக்கச் சொன்னார். "ரெசிஸ்டன்ஸ் நல்லாத்தான இருக்கு? டியூட்டிக்குப் போல!" அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அப்பேர்ப்பட்டவரிடம் போன வருஷம் என் வண்டி மாட்டியது.

குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க வண்டியை மூடி வைப்பார்களாம். எங்களுக்கு வெயில்காலம்தான் அப்படி. நான் ரெண்டு மாத லீவில் ஊருக்குப் போனபோது பைக்குக்கு உறை மாட்டி, சாவியை ரூம்மேட் செல்வத்திடம் கொடுத்தேன். "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வச்சிரு மாப்ள" என்று சொன்னது நான்தான். செல்வம் மன்னார்குடிக்காரன். சொன்னால் செய்துவிடுவான்.

திரும்பி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் ஒரு ஏசி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு டெலிவரி ரைடர். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. அதற்கு முன்னால் ரெண்டு வருஷம் அதே கடையின் குடோனில் பெட்டி தூக்கினேன். லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை தோற்று, நாலாவது தடவைதான் பாஸானேன். காலையில் சூப்பர்வைசர் போன் செய்தார். "தோ பஜே பைக் லேக்கே ஆவோ பாய். நஹி தோ வாபஸ் குடோன்." ரெண்டு மணிக்கு வண்டி இல்லையென்றால் மறுபடியும் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

பத்தரை மணிக்கு ஆசையாக உறையை உருவிச் சாவியைத் திருகினேன். ஹெட்லைட் அழுது வடிந்தது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் டிக்டிக்டிக்கென்று பல்லி மாதிரி கத்தியதே தவிர, இஞ்சின் அசையவில்லை.

"பெட்ரோல் கெட்டுப்போச்சுண்ணே" என்றேன் வந்து நின்ற வோல்ட் அண்ணனிடம்.

"பெட்ரோல் கெட்டா டிக்கு டிக்குன்னு சத்தம் போடுமால? தள்ளு."

பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் துடைத்தார். மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டியது பதினொன்றுகூட இல்லை. சார்ஜரில் போட்டார். இருபதே நிமிடத்தில் பன்னிரண்டே முக்காலுக்கு ஏறியது. நான் துள்ளிக் குதித்தேன்.

"இதுதாம்ல எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார் அண்ணன். "ரெண்டு மாசம் பட்டினி கெடந்தவன் அர இட்லியத் தின்னுட்டு வயிறு நெறஞ்சிட்டுங்கான். நம்பலாமா? ஸ்டார்ட்டர அமுக்கு, பாப்போம்."

அமுக்கினேன். மீட்டர் தடாலென்று ஐந்துக்கு விழுந்தது.

"கலாஸ். செத்துட்டு" என்றார். வெள்ளிக்கிழமை பேட்டரிக் கடைகள் சாயங்காலம்தான் திறக்கும். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் செத்ததற்குக் காரணம் தெரியாமல் அண்ணன் விடுவாரா? எங்காவது கரண்ட் கசிகிறதா என்று ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார். எங்கும் இல்லை. அப்புறம் பின்னால் நின்றிருந்த செல்வத்தின் பக்கம் திரும்பினார். அவன் அதற்காகவே காத்திருந்தவன்போலப் பெருமையாக போனை நீட்டினான்.

"நான் கரெக்டா பாத்துக்கிட்டேண்ணே. ஒரு வாரம்கூட விடல. வீடியோவே இருக்கு."

எட்டு வெள்ளிக்கிழமைகள், எனக்கு அனுப்பிய எட்டு வீடியோக்கள். ஹெட்லைட் போடுவான், ரெண்டு பக்கமும் இண்டிகேட்டர் போடுவான், மூன்று தடவை ஹாரன் அடிப்பான், ஸ்டார்ட் செய்வான். "பெட்ரோல் வீணாயிரக் கூடாதுன்னு ரெண்டே நிமிஷத்துல ஆஃப் பண்ணிருவேண்ணே." வீடியோவுக்குக் கீழே ஊரிலிருந்து நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருந்தது. "மாப்ள, ஹாரன் சரியா கேக்கல. இன்னொரு தடவ அடி!" நான் கேட்டதற்காக ஒருதரம் ஏழெட்டு முறை அடித்திருந்தான். எல்லா வீடியோவிலும் அவன் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

எட்டையும் பார்த்து முடித்துவிட்டு அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெயில்தாம்ல. அம்பது டிகிரி. எந்த பேட்டரியா இருந்தாலும் தாங்காது."

"நான் ஸ்டார்ட் பண்ணலன்னா எப்பவோ போயிருக்கும், இல்லண்ணே?"

"பின்ன? எப்பவோ போயிருக்கும்" என்றார் வோல்ட் அண்ணன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பிறகு நேராகத் தன் பைக் நின்ற இடத்துக்குப் போய் அதன் பேட்டரியைக் கழற்றினார். என் வண்டியும் அவர் வண்டியும் ஒரே மாடல். செல்வம் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், அதை என் வண்டியில் வைத்து நட்டை முடுக்கிக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, நிஜமாவே வெயில்தானா?"

"வாய மூடுல. ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணா, எடுத்த கரண்டு திரும்ப ஏற வண்டி அர மணி நேரமாச்சும் ஓடணும். ரெண்டு நிமிஷத்துல என்னத்த ஏறும்? லைட்டு வேற, ஹாரன் வேற. ரெண்டு பேருமாச் சேந்து கொன்னுட்டு..."

"அப்ப ஏன் அவன்ட்ட சொல்லல?"

"எட்டு வெள்ளிக்கிழம, மொட்ட வெயில்ல, ஒனக்காக வந்து நின்னுருக்கான்ல ஒரு பய. அவன்ட்ட போயி என்னத்தச் சொல்ல?"

வண்டி முதல் அமுக்கிலேயே உறுமியது. ரெண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடை வாசலில் நிறுத்தினேன். சூப்பர்வைசர் டெலிவரி பையை என் கையில் கொடுத்தார். குடோனிலிருந்து தப்பித்தேன்.

இந்தப் பக்கத்தைச் செல்வத்துக்கு யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். கேம்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம், ஒரு பேட்டரியை எட்டு வாரம் உயிரோடு காப்பாற்றிய கதையை அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருந்தால் வோல்ட் அண்ணன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, "ஆமால, நான் பாத்தேன்" என்கிறார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.