ஈரக்கையார் நீர் ஊற்றாத படலம்

ஓங்குக புகழ்! முப்பதாண்டுக் காலம் செந்தீயின் செருக்கைச் சீறுகுழல் ஏந்திச் சிதைத்தவரும், மணியொலிக்கச் செவ்வண்டி ஊர்ந்து எரிகளம் பல கண்டவரும், ஓய்வு பெற்ற பின்னும் தண்ணீரைக் கண்டால் தோள் தினவெடுப்பவரும், ஆதலின் தெருவாரால் ஈரக்கையார் என ஏத்தப்படுபவருமாகிய தீயணைப்புப் பெருவீரரின் புகழ் ஓங்குக! அவர் கிடங்குத் தீயை அணைத்த கதையை நாம் இங்கே பாடவில்லை. அது அவர் சம்பளம் வாங்கிச் செய்த வேலை. ஒரு மக் தண்ணீரை ஊற்றாமல் இருந்தாரே, அதைத்தான் பாடுகிறோம்.

நாற்றுப்பண்ணை நடத்தும் அவர் தங்கை, கடுவெயில் உண்டு வளரும் பாலைப்புதர்க் கன்றுகள் இரண்டை முன்னம் அளித்திருந்தாள். அவ்விரண்டும் அண்ணனின் அன்புப் பெருவெள்ளத்தில் வேரழுகி வீரமரணம் எய்தின. மூன்றாவதை முன்வாசலில் தொட்டியோடு நிறுவிய அன்று அவள் முழங்கினாள்:

"அண்ணா, இது வெயில்ல வாழற செடி. தண்ணி இல்லேன்னா இலையக் கொட்டிட்டுத் தூங்கும், சாகாது. குருவி, தேனீ, பட்டாம்பூச்சி எல்லாத்துக்கும் இதுதான் சாப்பாடு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து மண்ணுல விரல விட்டுப் பாப்பேன். ஈரம் இருந்துச்சோ, தொட்டியோட தூக்கிட்டுப் போயிடுவேன்!"

அவ்வாணை கேட்ட இல்லக்கிழத்தி, வாசற்குழாயில் மாட்டும் பச்சைநிற நெடுங்குழலை அன்றே கழற்றிப் பீரோவில் பூட்டினாள். கணவரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வந்தது ஞாயிறு. வானத்து ஞாயிறோ உச்சி கடந்தும் உக்கிரம் குறையாது நின்றது. மூன்றரை மணியளவில் கடைசி இலையும் உதிர, வெறுங்குச்சியாய் நின்ற கன்றைக் கண்ட ஈரக்கையாரின் நெஞ்சு, ஆணைக்கும் அருளுக்கும் நடுவே இருபடை மோதும் களமாகி, தங்கை சொல் ஒருபால் தடுக்க, தாகத்தால் சாகிறதே என்னும் தவிப்பு ஒருபால் உந்த, முடிவில் தவிப்பே வென்று, அவர் கால்கள் குளியலறை புகுந்து, நீலநிற மக்கை விளிம்பு தளும்ப நிரப்பி மீண்டன. உள்ளபடியே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சமையலறைச் சன்னலில் இல்லக்கிழத்தியின் குரல் இடியென இடித்தது. "மக்க எங்க கொண்டுபோறீங்க?"

"சும்மா!" என்று சூளுரைத்தார் வீரர்.

தொட்டிக்கு நேர்மேலே தூக்கிய மக் சரியப்போகும் அக்கணத்தில், கட்டைவிரல் பருமனே உள்ள கருநீலக் குருவியொன்று விர்ரென வந்து அந்தக் குச்சியில் அமர்ந்தது. அப்போதுதான் அவர் கண்டார்: இலையற்ற நுனியில், அவர் துக்கத்தில் கவனிக்காத செம்பூ ஒன்று மலர்ந்திருந்தது! குருவி அதற்குள் அலகை விட்டுத் தேன் குடித்தது. போனது, வந்தது, மீண்டும் குடித்தது. செத்த செடியில் எவர் விருந்து வைப்பர்?

அசைந்தால் விருந்தாளி பறந்துவிடும். ஆகவே எரிதழல் நடுவிலும் நடுங்காத அப்பெருவீரர், தூக்கிய கை தூக்கியபடி, நெற்றி வியர்வை மூக்கில் வழிய, மூக்கு அரிப்பெடுக்க, தோள்மூட்டு கதற, ஒரு சொட்டும் சிந்தாது அரைமணி நேரம் சிலையென நின்றார். இத்தனை சந்தோஷம் பதக்கம் வாங்கிய அன்றுகூட அவருக்கு வந்ததில்லை.

கிறீச்சிட்டது வாசற்கதவு. குருவி பறந்தது. சொன்னபடி நாலு மணிக்கு வந்த தங்கை, அண்ணன் கோலத்தைக் கண்டு திகைத்து, மக்கை முறைத்து, குனிந்து மண்ணில் விரலை ஆழ்த்தி, எடுத்து, தெருவே அதிரப் பறைசாற்றினாள்:

"தூசி பறக்குது அண்ணா! செடி உனக்குத்தான்!"

அவர் மக்கிலிருந்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார்.