அன்னாரைப் பற்றிய கூடுதல் விவரங்கள்

என் அத்தான் காலமாகி இரண்டு மாதம் கழித்து, அவருடைய வாழ்வைக் கொண்டாடுவது என்று அக்கா தீர்மானித்தாள். இந்தக் காலத்தில் இரங்கல் கூட்டம் என்று யாரும் நடத்துவதில்லை. அது பழைய மோஸ்தர். இப்போது நடப்பது வாழ்வுக் கொண்டாட்டம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும், இறந்தவரின் படத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அழுகை வந்தால் வெளியே போய் முடித்துவிட்டு வரவேண்டும்.

அக்காவுக்கு மோஸ்தரெல்லாம் தெரியாது. அவளுடைய காரணம் வேறு. அத்தான் லிப்ட் மெக்கானிக். முன்கோபி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற பேர்வழி. ஆனால் சாவு வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் 'தங்கமான மனுஷன்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறு வருடமாக அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத எதிர்வீட்டு வாத்தியார்கூட அதையேதான் சொன்னார்.

"அது யாருடா தங்கமான மனுஷன்?" என்று கேட்டாள் அக்கா. "நான் இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினது அந்த ஆளோட இல்ல. இவர் எப்படி இருந்தாரோ அப்படியே ஒரு சாயங்காலம் பேசிடணும். நாலு பேர் கேட்டுச் சிரிக்கணும். இல்லன்னா எல்லாரும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மறந்துடும்."

அதற்கு ஒரு மண்டபம் வேண்டும். ஊருக்கு இருப்பது ஒரே ஒரு பொது மண்டபம். அதற்கு அனுமதி தரும் அலுவலகத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று மகிழ்ச்சி நிகழ்ச்சிகளுக்கு, மற்றது துக்க நிகழ்ச்சிகளுக்கு. நான் முதல் ஜன்னலில் விண்ணப்பத்தை நீட்டினேன். எழுத்தர் வாங்கிப் படித்தார்.

"ஆள் இறந்துட்டாரா?"

"ஆமா சார்."

"அப்போ துக்கம். பக்கத்து ஜன்னல்."

பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். அவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அங்கே வந்தார். விண்ணப்பத்தை வாங்கி, முன்பின் பார்த்திராதவர் போல முதலிலிருந்து படித்தார்.

"கொண்டாட்டம்னு எழுதியிருக்கீங்க. கொண்டாட்டம்னா அந்த ஜன்னல்."

இருவரும் திரும்பினோம்.

"மகிழ்ச்சி நிகழ்ச்சின்னா விழா நாயகர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரால வரமுடியாது சார்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"இறந்துட்டார்."

"அதைத்தானே நானும் அப்பவே சொன்னேன்" என்று எழுத்தர் வருத்தத்தோடு நாற்காலியை மறுபடி நகர்த்தினார்.

கடைசியில் அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். துக்க நிகழ்ச்சியாகவே பதிவு செய்யலாம். அதில் சிரிப்பு வரக்கூடாது என்று விதி ஏதும் இல்லை. முன் அனுமதி பெற்று வரவேண்டும், அவ்வளவுதான். எந்தச் சம்பவத்துக்காகச் சிரிப்பு, சுமார் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எழுதி மூன்று பிரதிகள் கொடுத்தால் மேலிடம் பரிசீலிக்கும்.

வீட்டுக்கு வந்து அக்கா சொல்லச் சொல்ல நான்கு சம்பவங்களை எழுதினேன். அவற்றில் ஒன்று, கட்டட முதலாளி லிப்டில் மாட்டிக்கொண்டு அலறியபோது, அத்தான் தன் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்த பிறகே கதவைத் திறந்தது. 'எதிர்பார்க்கும் சிரிப்பு: பன்னிரண்டு நொடி' என்று பக்கத்தில் குறித்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது.

'பார்வையில் கண்ட சம்பவத்தில், மேற்படி முதலாளி வெளியே வந்தபின் அன்னாரை நோக்கிக் கூறியது என்ன, அதற்கு அன்னார் அளித்த மறுமொழி என்ன என்பன தெளிவாக்கப்படவில்லை. கூடுதல் விவரங்கள் உடன் தேவை.'

எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் இன்னொரு கடிதம். வேறு சம்பவங்கள் இருப்பின் அவற்றையும் சமர்ப்பிக்குமாறு அறிவுறுத்தியிருந்தார்கள். அனுப்பினேன். மீண்டும் கடிதம். என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் நேரில் போனேன். ஜன்னலில் ஆளில்லை. உள்ளே அதிகாரியின் அறைக்கதவைத் தள்ளினால், அலுவலகம் முழுவதும் அவருடைய மேஜையைச் சுற்றி நின்றது. எழுத்தர் எங்கள் கோப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார், அத்தானுக்கு ஒரு குரல், முதலாளிக்கு ஒரு குரல் வைத்து. அதிகாரி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

என்னைக் கண்டதும் எல்லா முகங்களும் இறுகின.

"பரிசீலனையில இருக்கு" என்றார் அதிகாரி. "அடுத்தது எப்போ வரும்?"

இங்கேதான் சிக்கல் வந்தது. அக்காவிடம் கேட்டால், "மிச்சத்தையெல்லாம் கூட்டத்துல நானே சொல்லிக்கிறேன், உன் கோப்புக்கு எழுத மாட்டேன்" என்றுவிட்டாள். இனிமேல் எதுவும் இல்லை என்று நான் பதில் போட்டால், 'விவரங்கள் இன்மையால் கோப்பு முடித்து வைக்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். மண்டபம் போய்விடும். எனவே அக்காவின் நன்மையை முன்னிட்டு, கைவசம் இல்லாத விவரங்களை நானே தயாரித்தேன்.

லிப்டில் மாட்டிய குழந்தை பயப்படாமல் இருக்க அத்தான் மேல்மாடியிலிருந்து பாட்டுப் பாடினார் என்று எழுதினேன். நிஜத்தில் அத்தான் பாட ஆரம்பித்தால் வானொலியே மிரண்டு நின்றுவிடும். இன்னொரு கதையில் அவர் ஒரு ஒப்பந்தக்காரரைத் திட்டுவதாக எழுதியிருந்தேன். அது திரும்பி வந்தது. 'அன்னார் கோபமுற்றதாகக் கூறுவது கோப்பின் பொதுப் போக்குக்கு ஒவ்வாததால், புன்னகைத்ததாகத் திருத்தி அனுப்பவும்.' திருத்தி அனுப்பினேன். அன்னாருக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டார்கள். கிரீஸ் கறையைத் தவிர வேறு நிறத்தை அவர் பொருட்படுத்தியதில்லை. வான நீலம் என்று எழுதினேன்.

ஐந்தாம் மாதம் உத்தரவு வந்தது. 'அன்னாரின் வாழ்வை, கோப்பில் கண்டுள்ளவாறு, கொண்டாட அனுமதிக்கப்படுகிறது.'

அன்று மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. அலுவலகமே அரை நாள் விடுப்பில் வந்திருந்தது. அத்தனை பேரும் வான நீலம். கோப்பின் பிரதிகள் ஊருக்குள் கைமாறியிருந்தன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எதிர்வீட்டு வாத்தியார் முதலில் பேசினார். "அந்தக் குழந்தைக்காக அவர் பாடினாரே, அப்போ நான் நாலாவது மாடியில நின்னுக்கிட்டிருந்தேன். என்ன குரல்!" கூட்டம் அனுமதிக்கப்பட்ட நேரம்வரை சிரித்துவிட்டு நிறுத்தியது. அடுத்து ஒருவர், அவரும் நாலாவது மாடியில்தான் நின்றிருக்கிறார்.

முன்வரிசையிலிருந்து அக்கா என் பக்கம் திரும்பினாள். "இதெல்லாம் எப்போடா நடந்தது?"

"அப்புறமா சொல்றேன்க்கா."

அவள் எழுந்து போய் மைக்கைக் கையில் எடுத்தாள். குறிப்பு எதுவும் வைத்திருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் ஜென்மத்துல மன்னிப்புக் கேட்டதில்ல" என்று ஆரம்பித்தாள். "சண்டை போட்டுட்டு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போவார். அரை மணி நேரம் கழிச்சு எண்ணெய்க் குப்பியோட வந்து ஒரு கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவார். அதுதான் மன்னிப்பு. எங்க வீட்ல பதினொரு கதவு இருக்கு, ஒண்ணுகூடச் சத்தம் போடாது. அவ்வளவு சண்டை போட்டிருக்கோம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் அவசரமாகக் கோப்பைப் புரட்டினார்.

"அம்மா, இது கோப்புல இல்லையே."

"கோப்புல எப்படி இருக்கும்? எங்க வீட்ல நடந்தது."

"அவர் குரலை உசத்திப் பேசி நான் கேட்டதே இல்லம்மா" என்றார் வாத்தியார். ஆறு வருடமாகக் கேட்காதவர் அவர். கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது.

அதிகாரி எழுந்து வந்து, மிகுந்த கனிவோடு அக்காவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "துக்கத்துல மனசு இப்படித்தான் எதையாவது கற்பனை பண்ணும். தங்கமான மனுஷன் அவர். நீங்க உட்காருங்கம்மா." யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோப்பு பொய் என்றாகிவிடும், அனுமதி ரத்தாகிவிடும், நிகழ்ச்சியும் பாதியில் நின்றுவிடும். அக்காவின் நன்மையை முன்னிட்டு உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு இன்றுவரை அது வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் எழுத்தர் நிறைவறிக்கையை நீட்டினார். 'அன்னாரை நெருங்கி அறிந்தோர்' என்ற பக்கத்தில் அதிகாரி, வாத்தியார், அலுவலகத்தார் எல்லாரும் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் வரியை எனக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். போட்டேன். அக்கா என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள்.

"உங்களுக்கு அடுத்த பக்கம்மா" என்று எழுத்தர் தாளைத் திருப்பினார்.

அந்தப் பக்கத்தின் தலைப்பு 'பார்வையாளர்கள்'. அக்கா தன் பெயரை நிதானமாக எழுதினாள். அதற்கடுத்த கட்டத்தில், அன்னாருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். அங்கே பேனாவை நிறுத்திக்கொண்டு, "இதுக்கு என்னடா எழுதணும்?" என்று என்னைக் கேட்டாள்.