உஸ்ஸு நைனாவின் பழவேற்காட்டுப் பயணம்

உலகத்திலேயே மிக நல்ல நிலையில் இருக்கும் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் எங்கள் தெருவில்தான் நிற்கிறது. நிற்கிறது என்பதுதான் அதன் ஒரே குறை.

அதன் சொந்தக்காரருக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். எங்களுக்கு அவர் உஸ்ஸு நைனா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்கிய அந்த மனிதர், பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்ப்ரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் உள்ளங்கை அளவு ரப்பர் குழாயிடம் தோற்றுப்போனார். அந்த ரப்பரில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். வண்டி நின்ற இடத்திலேயே உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நைனாவுக்கு வெடிக்காத ரப்பரிலும் காற்று கசியும் சத்தம் கேட்கும்.

"உஸ்ஸுன்னுது பாரு. கேக்குதா?"

"கேக்கலியே நைனா."

"காதைக் கழுவிகினு வா."

தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு நடுவிலும் அவருக்கு அந்த உஸ் கேட்கும். உடனே ஸ்பேனரை எடுத்துவிடுவார்.

கசிவைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஓடுகிற இன்ஜினில், ரப்பரைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார். வெடிப்பு இருந்தால் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், இன்ஜின் சத்தம் மாறும். ஒருநாள் எதிர்வீட்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்கிறார்கள், பன்னீர்ச் சொம்பைக் காணோம். தேடிப் போனால் நைனா அதை வைத்து இன்ஜினை உபசரித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா நைனா இது, அநியாயம்!" என்று பெண்ணின் அப்பா கத்தினார்.

"தண்ணி பொட்டு பொட்டா வுழணும்பா. இதுலதான் கரெக்டா வுழுது."

அன்று மாப்பிள்ளை மேல் ஒரு சொட்டு விழவில்லை. வண்டி மட்டும் இரண்டு நாளைக்குக் கல்யாண மண்டபம் மாதிரி மணத்தது.

புது ரப்பர் விறைப்பாக இருக்கும், வெந்நீரில் போட்டால் இளகி வளைந்துகொடுக்கும். அதற்கு அவருக்கு இட்லிப் பானை வேண்டும். "யோவ், இட்லில டயர் நாத்தம் வருதுய்யா!" என்று அவர் மனைவி பத்மாக்கா போடுகிற சத்தம்தான் எங்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததற்கு அடையாளம்.

பத்மாக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. பழவேற்காட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அந்த வண்டியில் ஒருமுறை போக வேண்டும். பஸ்ஸில் எத்தனையோ தடவை போய் வந்தவர்தான். "பஸ்ல போனா நானும் ஒரு மூட்டை. இவரு பின்னாடி குந்திகினு போனா மகாராணி" என்பார். நைனாவும் மறுத்ததே இல்லை. "போலாம் பத்மா, அந்த உஸ் மட்டும் போவட்டும்" என்பார். நடுவழியில் மீஞ்சூர்ப் பக்கம் வண்டி மக்கர் செய்து, அவளை வெயிலில் நிறுத்திவிடுவோமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். அவர் பயந்தது அவளுக்காகத்தான் என்பதுதான் இதில் வேதனை.

ஒரே ஒருமுறை கிளம்பினார்கள். பத்மாக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, மடியில் புளிசோற்றுத் தூக்கோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். தெருவே டாட்டா காட்டியது. தெருமுனை வரை போன வண்டி திரும்பி வந்தது.

"உஸ்ஸுன்னுச்சு" என்றார் நைனா. "பத்தே நிமிசம். எறங்கு."

ரப்பரைப் பெட்ரோலில் ஊறப்போடக் கூடாது, ஊதிப்போகும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். அன்று அவளைக் காக்க வைத்த பதற்றத்தில், கழற்றிய கார்ப்ரேட்டரின் பித்தளைச் சாமான்களோடு ரப்பரையும் சேர்த்துப் பெட்ரோல் கிண்ணத்தில் போட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் பூரி மாதிரி உப்பியிருந்தது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் பொருந்தவில்லை. மாற்று ரப்பரும் கைவசம் இல்லை. பத்மாக்கா புளிசோற்றைத் தெருவில் எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, பூவை எடுக்காமலே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கும் ஒரு பங்கு வந்தது.

அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று வருடங்கள் போயின. போன கார்த்திகைக்குப் பிறகு ஒருநாள் நைனா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "பத்மா, ரெடி! உஸ் சுத்தமா இல்ல. நாளைக்கே போலாம்."

பத்மாக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, வண்டியில் ஏறினால் இருக்கிற நடையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. நைனா கார்ப்ரேட்டர் மும்முரத்தில் இருந்ததால் பத்மாக்கா அதைச் சொல்லவில்லை. இப்போது முட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இப்போ இது உஸ்ஸுன்னுதுய்யா. இதுக்கு இன்னா ரப்பர் வச்சிகினு கீற?"

நாங்கள் சிரித்தோம். நைனா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம் வந்தது. அதே அளவு அழுகையும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினேன். குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு நைனாவின் வண்டி ஸ்டாண்டில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. துளி பிசிறில்லாத சத்தம். நைனா ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பத்மாக்கா, தலை நிறையப் பூவோடு, ஒரு கையை அவர் தோளில் வைத்திருந்தார்.

"எங்கய்யா கீறோம்?"

"எர்ணாவூர் பாலம் ஏறிகினு கீறோம்."

"மெதுவா போ. காத்து மூஞ்சில அடிக்குது."

நான் ஹாரன் அடிக்கவில்லை. ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நின்றேன். இன்னும் எண்ணூர் வரணும், மீஞ்சூர் வரணும், பொன்னேரி வரணும். வரட்டும், அவர்கள் பழவேற்காடு போய்ச் சேர்ந்த பிறகு நான் போனால் போதும்.